ஓடச் சொல்வதற்கு முன் எறியவும் கெந்தவும் கற்றுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் கொழும்புப் பாடசாலை மைதானங்களில் ஒரே காட்சிதான். வேகமாக ஓடும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தெரிவாகி நாள்தோறும் பயிற்சி பெறுவார்கள். இன்னும் கொஞ்சப் பேர் அணிநடைக்குப் போவார்கள். மிச்சப் பிள்ளைகள் கூடாரத்துக்குள் இருந்து கை தட்டுவார்கள். கை தட்டும் அந்தப் பிள்ளைகளுக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறோம். அவர்களுள் நிறை கூடிய பிள்ளைகள் உண்டு. மெலிந்து, அரை மைதானம் ஓடுவதற்குள் மூச்சு வாங்கும் பிள்ளைகளும் உண்டு. இரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்றே: ஒழுங்காக எறியவோ ஏந்தவோ கெந்தவோ பாய்ந்து இறங்கவோ தெரியாது. தெரியாததற்குக் காரணம், யாரும் கற்றுக் கொடுக்கவில்லை என்பதுதான்.

"வளர வளரத் தானாக வரும்" என்பது பெற்றோர் பலரின் நம்பிக்கை. ஆசிரியர்கள் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடை தானாக வரும். ஓட்டமும் ஏறக்குறையத் தானாக வரும். எறிதலும் ஏந்துதலும் மட்டையால் அடித்தலும் அப்படி வருவதில்லை. அ, ஆ எழுதுவதைப் போலவே அவற்றையும் செய்து காட்டி, பிழை திருத்தி, திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும். துறை சார்ந்தவர்கள் இவற்றை அடிப்படை அசைவுத் திறன்கள் என்கிறார்கள். ஓடுதல், கெந்துதல், பாய்தல், தாண்டுதல், ஒரே காலை எப்போதும் முன்னே வைத்து ஓடும் குதிரை ஓட்டம், பக்கவாட்டில் நகர்தல் ஆகியன இடம்பெயரும் திறன்கள். எறிதல், ஏந்துதல், உதைத்தல், அடித்தல், பந்தை நிலத்தில் தட்டுதல், உருட்டுதல் ஆகியன பந்துத் திறன்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் சமநிலை இருக்கிறது. கிரிக்கெட்டோ வலைப்பந்தோ கரப்பந்தோ, எந்த விளையாட்டானாலும் இந்தப் பத்துப் பன்னிரண்டு அசைவுகளின் கலவைதான்.

இதற்கும் உடல் நிறைக்கும் என்ன தொடர்பு? 2008ஆம் ஆண்டு டேவிட் ஸ்டொடன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது சகாக்களும் முன்வைத்த விளக்கம் இன்று உலகெங்கும் இத்துறையின் அடிப்படையாக இருக்கிறது. சிறு வயதில் ஓடியாடுவதால் திறன் வளர்கிறது. வயது ஏறியபின் நிலைமை தலைகீழாகி, திறன் உள்ள பிள்ளைதான் ஓடியாடுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது "என்னால் முடியும்" என்ற எண்ணம். நான்கைந்து வயதுப் பிள்ளை பத்துத் தரம் பந்தைத் தவறவிட்டாலும் தன்னைக் கெட்டிக்காரன் என்றே நம்பும், மறுபடி எறியும். ஏழு, எட்டு வயதில் அது பக்கத்தில் நிற்கும் பிள்ளையோடு தன்னை ஒப்பிடத் தொடங்குகிறது. "எனக்கு வராது" என்று தெரிந்துகொண்ட பிள்ளை மெல்ல ஒதுங்கும், ஒதுங்கினால் நிறை கூடும், நிறை கூடினால் கெந்துவதும் பாய்வதும் இன்னும் கடினமாகும். சுற்றிச் சுற்றி வரும் இந்த வட்டத்தை உடைக்க மிகச் சுலபமான காலம் முதலாம், இரண்டாம் தரம். நாமோ அந்தக் காலத்தை எழுத்துப் பயிற்சிக்கே கொடுத்துவிட்டு, எட்டாம் தரத்தில் பிள்ளையைப் பார்த்து "கொஞ்சம் ஓடினால் என்ன?" என்று கேட்கிறோம்.

நிறையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். உடற்திணிவுச் சுட்டியை, அதாவது கிலோகிராமில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை, இப்போது பலரும் தொலைபேசியிலேயே கணக்கிடுகிறார்கள். பிழை அதை வாசிப்பதில் வருகிறது. வளர்ந்தவர்களுக்கான 18.5 முதல் 25 வரை என்ற அளவைப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. 125 சென்ரிமீற்றர் உயரமும் 31 கிலோ நிறையும் உள்ள எட்டு வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய சுட்டி 19.8. வளர்ந்தவர் அட்டவணையில் அது நல்ல நிறை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையானோருக்கு 2007இல் வெளியிட்ட அட்டவணையிலோ, எட்டு வயதுச் சிறுவனுக்கு 17.4ஐத் தாண்டினால் அதிக நிறை, 19.7ஐத் தாண்டினால் உடற்பருமன். வீட்டில் எல்லோரும் "கொழுகொழு என்று நன்றாகத்தானே இருக்கிறான்" என்று சொல்லும் பிள்ளை அவன். ஆணா பெண்ணா என்பதற்கும் வயதுக்கும் உரிய வரைபில்தான் சுட்டியைக் குறிக்க வேண்டும். தெற்காசியரின் உடலில் அதே சுட்டிக்கு ஐரோப்பியரைவிடக் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, சற்றுத் தடித்து, வெல்வெற் துணி போல இருந்தால், அது பெரும்பாலும் தேய்த்துக் கழுவக்கூடிய அழுக்கு அல்ல. நிறை கூடிய பிள்ளையில் அது உடல் இன்சுலினுக்குச் சரியாக இசைந்து கொடுக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். தும்பு போட்டு உரஞ்சுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி, கற்றுக் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு எறிதலை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறோம். வலக்கைப் பிள்ளை ஒன்றைச் சுவரிலிருந்து ஐந்தாறு மீற்றர் தள்ளி நிறுத்தி ஒரு டெனிஸ் பந்தைக் கொடுங்கள். பழக்கம் இல்லாத பிள்ளை சுவரை நேரே பார்த்து நிற்கும். இரண்டு காலும் நிலத்தில் ஒட்டியிருக்கும். முழங்கையை மட்டும் மடக்கி நீட்டிப் பந்தைத் தள்ளிவிடும். கொஞ்சம் பழகிய பிள்ளை காலை முன்வைக்கும், ஆனால் எறியும் கையின் பக்கத்துக் காலையே, அதாவது வலக்காலையே வைக்கும். இதுதான் மிகப் பரவலான பிழை. வலக்கையோடு வலக்காலும் முன்னே போனால் இடுப்பு திரும்ப இடமில்லை. இடுப்பு திரும்பாவிட்டால் உடம்பின் பலம் பந்துக்குப் போகாது. கை மட்டும் உழைக்கும், தோள் நோகும், பந்து பாதி வழியில் விழும்.

திருத்துவது கடினமல்ல. வெண்கட்டியால் நிலத்தில் ஒரு கோடு கீறி, பிள்ளையை அதன்மேல் பக்கவாட்டாக நிறுத்துங்கள். இடது தோள் சுவரைப் பார்க்கட்டும். இடக்கால் போய் விழவேண்டிய இடத்தில், ஒரு பெரிய எட்டுத் தூரத்தில், ஒரு பாதத்தை வரைந்து விடுங்கள். கை கீழே இறங்கி, பின்னால் போய், முழங்கை தோள் உயரத்துக்கு வரவேண்டும். இடக்கால் வரைந்த பாதத்தில் விழும்போது இடுப்பும், பிறகு தோளும் திரும்ப, பந்து கையை விட்டுப் போகும். எறிந்த கை அங்கேயே நின்றுவிடாமல் குறுக்கே இறங்கி இடது இடுப்புப் பக்கம் வரவேண்டும். பிள்ளையிடம் இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னால் குழம்பிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு சொல் போதும். முதல் வாரம் "பக்கமாக நில்", அடுத்த வாரம் "அகலமாக மிதி", அதற்கடுத்த வாரம் "பலமாக எறி". தொடக்கத்திலேயே சிறிய இலக்கு வைத்துக் குறி பார்க்கச் சொல்வது கெடுதல். குறி தவறக் கூடாதே என்ற பயத்தில் பிள்ளை மறுபடி நேரே திரும்பி, முழங்கையால் தள்ளத் தொடங்கும். சுவரில் பட்டுப் பந்து திரும்பி வரும் அளவுக்குப் பலமாக எறியச் சொல்லுங்கள்; உடல் தானாகவே சரியான வடிவத்தைத் தேடும். குறி பிறகு வரட்டும்.

ஏந்துதலில் பிழைக்கு வேர் பயம். பந்து வரும்போது முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, இரு கையையும் விறைப்பாக நீட்டும் பிள்ளைக்கு "பந்தைப் பார்" என்று எத்தனை தரம் கத்தியும் பயனில்லை. பந்தை மாற்ற வேண்டும். முதலில் பலூன், அது மெதுவாக வருவதால் கண் பின்தொடரப் பழகும். பிறகு பழைய காலுறைகளைச் சுருட்டித் தைத்த துணிப்பந்து, இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து, கீழ்க்கையால், நெஞ்சு உயரத்துக்கு. அதன் பின் ஒரு தரம் நிலத்தில் பட்டெழும் பெரிய ரப்பர் பந்து. டெனிஸ் பந்து கடைசியில்தான். பந்து கையில் படும் கணத்தில் முழங்கை மடங்கிப் பந்தோடு பின்வாங்க வேண்டும். விறைத்த கையில் பட்டால் தெறித்துப் போகும். இவ்வளவு செய்தும் பிடிபடவில்லை என்றால் பிள்ளையின் கண்களைப் பரிசோதியுங்கள். கரும்பலகையை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்குப் பந்தும் மங்கலாகத்தான் தெரியும்.

பாய்ந்து இறங்குவதற்கு ஒரே அறிவுரை: "சத்தம் கேட்காமல் இறங்கு". முழங்காலை மடக்காமல் 'தொப்' என்று விழும் பிள்ளைக்கு இது எந்த விளக்கத்தையும்விட நன்றாக வேலை செய்யும். கெந்தும்போது தூக்கிய காலைக் கையால் பிடித்துக்கொள்ள விடாதீர்கள். அந்தக் கால் ஊசல் போல முன்னும் பின்னும் ஆடினால்தான் உடல் முன்னேறும். இரு காலிலும் பழக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் கெந்தத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் நிறைய இருப்பார்கள்.

இதற்கெல்லாம் மைதானம் எங்கே, நேரம் எங்கே என்பார்கள். கொழும்பில் பல பாடசாலைகளுக்கு மைதானமே இல்லை என்பது உண்மை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள், ஒரே பந்து. வரிசையில் நிறுத்தப் பத்து நிமிடம் போய்விடும். ஒருவர் எறிந்து பந்து திரும்பி வர 15 செக்கன் என்றால், எல்லோரும் ஒரு தரம் எறிந்து முடியப் பத்து நிமிடம். ஆக மிச்ச அரை மணிநேரத்தில் ஒரு பிள்ளை எறிவது மூன்றே மூன்று தரம். அதே நாற்பது பேருக்கும் இருவருக்கு ஒன்றாக இருபது துணிப்பந்து கொடுத்து எதிரெதிரே நிறுத்தினால், பத்துச் செக்கனுக்கு ஓர் எறி என்று வைத்தாலும், பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் முப்பது தரம் எறிந்து முப்பது தரம் ஏந்துவார்கள். துணிப்பந்துக்கு மைதானம் வேண்டாம். மண்டபம், நடைக்கூடம், மதிலோரம் எதுவும் போதும், கண்ணாடியும் உடையாது. இருபது பந்துக்கு நாற்பது பழைய காலுறை. ஒரு வகுப்புப் பெற்றோரிடம் கேட்டால் ஒரே வாரத்தில் சேரும்.

ஆரம்பப் பிரிவில் பெரும்பாலும் வகுப்பாசிரியரே எல்லாப் பாடத்தையும் கற்பிக்கிறார். அவரைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. இதில் அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை என்பதே எங்கள் முறைப்பாடு. ஆனால் எந்தப் பயிற்சியும் இல்லாமலே இன்றே நிறுத்தக்கூடியவை சில இருக்கின்றன. பிந்தி வந்ததற்கும் பேசியதற்கும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை நிறுத்துங்கள். ஓட்டம் தண்டனை என்று பழகிய பிள்ளை பெரியவனானதும் ஓடாது. 'அவுட்' ஆனவர் வெளியே உட்காரும் விளையாட்டுகளைக் குறையுங்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவர்தான் முதலில் வெளியே போகிறார். வெளியேறியவர் ஐந்து தரம் கயிறடித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினால் போதும். இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் தெரிவு செய்யச் சொல்லாதீர்கள். கடைசியாக எஞ்சி நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் நிறை அளந்து உரத்துச் சொல்வதையும் விடுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது திரை மறைவில் அளந்து, தாளில் எழுதி, பெற்றோருக்கு மட்டும் அனுப்பலாம்.

நிறை கூடிய பிள்ளைக்குத் தனியாகச் சிந்திக்க வேண்டும். அவருக்குக் கடினமானவை தன் உடலைத் தானே தூக்க வேண்டிய அசைவுகள்: கெந்துதல், பாய்தல், நீண்ட ஓட்டம். எறிதல், ஏந்துதல், அடித்தல் போன்றவற்றில் நிறை அவ்வளவு குறுக்கே நிற்காது. ஆகவே தொடக்கம் பந்திலிருந்து. வகுப்பில் எல்லோரையும்விடத் தூரம் எறிந்த பிள்ளைக்கு அடுத்த பாடவேளை எப்போது வரும் என்ற ஆவல் பிறக்கும். வசதி உள்ளவர்கள் நீச்சலுக்கும் அனுப்பலாம். தண்ணீர் உடலைத் தாங்கும். கெந்துவதை மூன்று மூன்று தரமாக, இடையில் ஓய்வு விட்டு, புல்லிலோ மண்ணிலோ பழக்குங்கள், கொங்கிரீட்டில் வேண்டாம். வெள்ளைச் சப்பாத்து இறுகிப்போய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட நிறை கூடிய பிள்ளை இடுப்பு, தொடை அல்லது முழங்கால் நோகிறது என்று சொல்லி நொண்டினால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை வழுகும் நிலை ஒன்று உண்டு; வலி முழங்காலில் மட்டும் தெரியவும் கூடும். அன்றே ஓட்டத்தை நிறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டிய நோய் அது. ஆறு வயது கடந்தும் ஒரு காலில் மூன்று நான்கு தரம் கெந்த முடியாமல், அடிக்கடி இடறி விழுந்து, சட்டைப் பொத்தான் பூட்டவும் பென்சில் பிடிக்கவும் சிரமப்படும் பிள்ளையையும் சிறுவர் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. நிறை ஒரு பொருட்டே அல்லாத, இயக்க ஒருங்கிணைப்பு சார்ந்த குறைபாடாக அது இருக்கலாம். பயிற்சியால் மிக முன்னேறலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பந்துத் திறனில் அவர்கள் பின்தங்குவதாகப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. பருவமடைவதற்கு முன் அதற்கு உடல் சார்ந்த காரணம் பெரிதாக இல்லை. கையில் பந்து கொடுப்பதில்லை, அவ்வளவுதான். வெள்ளைச் சீருடையில் ஊத்தை படும் என்று இடைவேளையிலும் அடக்கி வைக்கிறோம். விளையாட்டு உடையோடு வரும் நாளை வாரத்துக்கு இரண்டாக்கினால் இந்தத் தடை பெருமளவு நீங்கும்.

வீட்டில்? 5 முதல் 17 வயது வரையானோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது அது தசையையும் எலும்பையும் வலுப்படுத்துவதாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் வாழும் பிள்ளைக்கு அந்த ஒரு மணிநேரம் எங்கிருந்து வரும்? பாடசாலை விட்டதும் வான், வானால் இறங்கினால் வகுப்பு, வகுப்பு முடிந்தால் வீட்டுப்பாடம், பிறகு தொலைபேசி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் சொல்லவே வேண்டாம். ஆயினும் அறுபது நிமிடமும் ஒரே தொடராக வரவேண்டியதில்லை. இருபது இருபதாகவும் வரலாம். விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கியதால் பிள்ளையின் படிப்பு கெடுவதில்லை என்பதே இதுவரையான ஆய்வுகளின் பொதுவான முடிவு.

தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் வெண்கட்டியால் கட்டம் கீறிக் கெந்தி விளையாடலாம். கயிறடிக்க இரண்டு மீற்றர் இடம் போதும். மாலை நான்கரைக்குப் பிறகு வெயில் தணியும். அதற்கு முன் கொழும்புப் புழுக்கத்தில் ஓடவிட்டால் பிள்ளை களைத்துப்போய் விளையாட்டையே வெறுக்கும். டெங்கு நுளம்பு காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும் என்பதால் நீளக் காற்சட்டையும் நுளம்பு விரட்டிக் களிம்பும் அவசியம். அதற்காகக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பது தீர்வல்ல. ஞாயிறுகளில் காலிமுகத்திடலுக்கோ விகாரமகாதேவி பூங்காவுக்கோ போகிறவர்கள் தின்பண்டப் பையோடு ஒரு பந்தையும் எடுத்துப் போங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் கிளித்தட்டு மறிக்கலாம். கோட்டில் தாச்சியாக நின்று மறிக்கும் பிள்ளை பக்கவாட்டில் நகரப் பழகுகிறது. உள்ளே நுழையும் பிள்ளை ஓடி, சட்டென நின்று, திசை மாறப் பழகுகிறது. எந்த உபகரணமும் இல்லாமல் மூன்று திறன்களை ஒன்றாகத் தரும் வேறு விளையாட்டைக் காண்பது அரிது. அடிக்கவும் எறியவும் பழக, மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் எல்லே என்ற விளையாட்டு இருக்கிறது.

விளையாடவிட்டால் நிறை உடனே இறங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் சீனி உள்ள 400 மில்லிலீற்றர் குளிர்பானப் போத்தல் ஒன்றில் 44 கிராம் சீனி, அதாவது பதினொரு தேக்கரண்டி. அந்தச் சக்தியைச் செலவழிக்க 30 கிலோ பிள்ளை ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஓடியாட வேண்டும். விளையாடிக் களைத்த பிள்ளைக்குத் தண்ணீரையே கொடுங்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போடவும் தேவையில்லை. நிறை கூடாமல் பார்த்துக்கொண்டால், உயரம் ஏற ஏறச் சுட்டி தானாக இறங்கும்.

கல்வி அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவில்லாத மூன்று காரியங்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஓர் இரண்டு நாள் செயல்முறைப் பயிற்சி, மேடைப் பேச்சு இல்லாமல், பந்தோடு. முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை ஆண்டுக்கு இரு தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும் எறிதல், ஏந்துதல், கெந்துதல், பாய்தல், பந்து தட்டுதல் ஆகிய ஐந்தையும் பார்த்து, தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கும் தமிழுக்கும் கீழே ஒரு வரி: வந்துவிட்டது, பழகுகிறது, உதவி தேவை. புள்ளி வேண்டாம், முதலாமிடம் இரண்டாமிடம் என்ற நிலையும் வேண்டாம். மூன்றாவது, மைதானம் உள்ள பாடசாலைகள் மாலை நான்கரை முதல் ஆறு மணி வரை, ஒரு காவலாளியோடும் பொறுப்பான இரண்டு பெற்றோரோடும், அயலிலுள்ள மைதானமில்லாப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வாயிலைத் திறந்துவிட வேண்டும். அடுத்த தவணை விடுமுறையில் பாடசாலைக்குப் பூச்சு பூசும்போது, எஞ்சும் பூச்சில் முற்றத்துச் சீமெந்தில் கெந்தும் கட்டங்களையும், மதிலில் ஒரு மீற்றர் உயரத்தில் ஒரு கோட்டையும், அதிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிலத்தில் சோடி சோடியாகப் பாதங்களையும் வரைந்துவிடுங்கள். இடப்பாதம் முன்னே. இடக்கைப் பிள்ளைகளுக்காக ஒரு சோடியில் மட்டும் வலப்பாதம் முன்னே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு உடற்கல்வியில் ஈடுபடும் ஆசிரியர்கள்,
கொழும்பு.